ஒத்திகைக் கூடத்தில் இல்லாதவள்

வி.சி. கணேசன் என்ற பெயரின் முதலெழுத்து விழுப்புரம். சிவாஜி கணேசன் 1928 அக்டோபர் 1 அன்று இங்கே பிறந்தார் என்பதை எங்கள் பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அவர் மேடையில் முதலில் ஏற்ற வேடம் சீதை என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. திருச்சியில் யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் பாய்ஸ் கம்பெனியில் சேர்வதற்காகத் தான் ஓர் அநாதை என்று பொய் சொன்னதை அவரே தன் வரலாற்றில் பதிவுசெய்திருக்கிறார். அம்மா ராஜாமணி அம்மாள் அப்போது அதே ஊரில் உயிரோடு இருந்தார். அம்மா இல்லை என்று சொல்லி உள்ளே நுழைந்த பிள்ளைக்குக் கம்பெனி கொடுத்த முதல் வேலை, ஒரு பெண்ணாக நிற்பது.

தமிழ் நாடக வரலாற்றில் பாலர் கம்பெனிகளைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். அவற்றுள் பெரும்பாலானவை நன்றியுணர்ச்சியோடு எழுதப்பட்டவை. குருகுலம், ஒழுக்கம், கலைப் பயிற்சி என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அந்த நன்றியை நான் குறைத்துப் பேசப் போவதில்லை. எம்.ஜி.ஆர்., சிவாஜி, என்.எஸ். கிருஷ்ணன், டி.கே. சண்முகம், பி.யு. சின்னப்பா என்று ஒரு நூற்றாண்டின் நடிப்பையே அந்தக் கம்பெனிகள் உருவாக்கித் தந்தன. என் கேள்வி வேறு. அந்தக் கம்பெனிகளில் ஒத்திகை தொடங்கிய காலை நேரத்தில் அந்தக் கூடத்தில் யார் இருந்தார்கள், யார் இல்லை? இல்லாதவளின் வேலையை யார் செய்தார்கள்? அதற்கு யாருக்கு என்ன கூலி கிடைத்தது?

பெண்ணை நீக்கிய ஏற்பாடு

சங்கரதாஸ் சுவாமிகள் 1867இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். முதலில் நடிகர், எமன், சனீஸ்வரன் போன்ற வேடங்களில் பேர்போனவர். அவர் நடிப்பை விட்டதற்கு ஒரு கதை வழங்குகிறது. எமனாக அவர் வந்து நின்ற கோலத்தைக் கண்டு பார்வையாளர் கூட்டத்தில் இருந்த கருவுற்ற பெண் ஒருத்தி அஞ்சி, கரு கலைந்ததாம். அந்த மனவருத்தத்தில் அரிதாரத்தைத் துறந்து ஆசிரியரானார் என்பார்கள். நடந்ததோ புனைந்ததோ, தமிழ் நாடகத்தின் தலைமை ஆசிரியர் பற்றிய கதையில் பெண்ணுக்குக் கிடைத்த இடம் இதுதான்: மேடைக்கு எதிரே, பயந்து போனவளாக, பெயர் இல்லாமல்.

சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். வளர்ந்த நடிகர்கள் கட்டுக்குள் அடங்கவில்லை. குடி, சண்டை, சொன்ன நேரத்துக்கு வராமை, பாடத்தை மாற்றிப் பேசுவது என்று ஆயிரம் தொல்லை. சிறுவர்கள் என்றால் சொன்னதைச் செய்வார்கள். ஜெகந்நாத அய்யர் கம்பெனி, சச்சிதானந்தம் பிள்ளையின் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி, பின்னர் நவாப் ராஜமாணிக்கத்தின் மதுரை தேவி பால வினோத சங்கீத சபா, டி.கே.எஸ். சகோதரர்கள் 1925இல் தொடங்கிய மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபை என்று இந்த ஏற்பாடு பரவியது.

சிறுவர்களைத் தேடிப் போனதற்கு ஒழுங்கு மட்டுமே காரணம் அன்று. சிறுவர்கள் இருந்தால் நடிகைகள் தேவையில்லை. 1890களில் சதிராட்டத்துக்கு எதிரான இயக்கம் சென்னை மாகாணத்தில் வலுத்திருந்தது. மேடையில் நிற்கும் பெண் என்றாலே தாசி என்ற எண்ணம் படித்தவர்களிடையே இறுகிக்கொண்டிருந்தது. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபையில் வக்கீல்களும் அதிகாரிகளும் நடித்தார்கள். அங்கேயும் கதாநாயகி ஓர் ஆண். பம்மலின் நாயகியாகப் பல ஆண்டுகள் நடித்தவர் ரங்கவடிவேலு. ஆக, படித்தவர்களின் சபையும் பிழைப்புக்கு நடித்த கம்பெனியும் வேறு எதில் மாறுபட்டாலும் இதில் ஒன்றுபட்டன: நாடகம் மரியாதை பெற வேண்டுமானால் பெண் வெளியேற வேண்டும். ஆனால் கதையிலிருந்து அவளை வெளியேற்ற முடியாது. அரிச்சந்திரன் இருந்தால் சந்திரமதி வேண்டும். சத்தியவான் இருந்தால் சாவித்திரி வேண்டும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் பத்து வயதுப் பையனின் உடல் தேவைப்பட்டது.

இதே காலத்தில் கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களையே கொண்டு ஒரு கம்பெனி நடத்தினார். அவருடைய நாடகத்துக்காகவே சிறப்பு ரயில் விட்டார்கள் என்றும், அதற்குப் ‘பாலாமணி ஸ்பெஷல்’ என்று பெயர் என்றும் சொல்வார்கள். முதலாளி, நடிகை, ஆசிரியர் எல்லாமாக ஒரு பெண் இருந்த கம்பெனி அது. நாடக வரலாற்று நூல்களில் அவருக்கு ஒரு பத்தி கிடைக்கும். அந்தப் பத்தியிலும் அவர் உடுத்த மெல்லிய ஆடைதான் முக்கியச் செய்தியாக இருக்கும். அவர் எப்படி ஒத்திகை பார்த்தார், யாருக்கு என்ன சொல்லிக்கொடுத்தார் என்று எழுதிவைக்க எவருக்கும் தோன்றவில்லை. பையன்களின் ஒத்திகை குருகுலமாகப் பதிவானது. பெண்களின் ஒத்திகை பதிவாகவே இல்லை.

பாடம் கொடுக்கும் நாள்

பாலர் கம்பெனியில் ஒரு நாடகத்தின் வேலை ‘பாடம் கொடுப்பதில்’ தொடங்கும். வாத்தியார் பையன்களை வரிசையாக நிறுத்திப் பார்ப்பார். முகம், உயரம், குரல் மூன்றும்தான் அளவை. கட்டையான குரல் என்றால் ராஜபார்ட்டின் பக்கம் போகலாம். வாய் ஓயாதவன் பபூன். முகவெட்டும் மெல்லிய உடலும் எட்டுக் கட்டைக்குப் போகும் குரலும் இருந்தால் ஸ்திரீபார்ட். பையனிடம் விருப்பம் கேட்கும் வழக்கம் இல்லை. பெரும்பாலான பிள்ளைகள் சரியாக எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். வாத்தியார் சொல்லச் சொல்லக் காதால் வாங்கி ஒப்பிக்க வேண்டும். காலையில் ஆர்மோனியத்தோடு பாட்டு, பிறகு வசனம், பிறகு நடை. நாடக நாள் என்றால் இரவு தொடங்கி விடிய நெருங்கும்வரை மேடை. பிழைவிட்டால் அடி. பிற்காலத்தில் இதை எழுதியவர்கள் அடியையும் பாசத்தோடுதான் நினைவுகூர்கிறார்கள்.

டி.கே. சண்முகம் 1918இல் சுவாமிகளின் கம்பெனியில் சேர்ந்தபோது அவருக்கு வயது ஆறு. அவர் எழுதிய ‘எனது நாடக வாழ்க்கை’ இந்த உலகத்தை உள்ளிருந்து காட்டும் முதன்மையான நூல். ஒரே இரவில் சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’யை எழுதி முடித்த அதிசயம் அந்த நூலால்தான் நமக்குத் தெரிகிறது. சண்முகத்தின் அப்பா கண்ணுசாமிப் பிள்ளை புகழ்பெற்ற ஸ்திரீபார்ட் நடிகர் என்பதும் தெரிகிறது.

அந்தச் செய்தியில் நான் சற்று நிற்கிறேன். பெண்ணாக நடிக்க ஒரு பையனுக்குக் கற்றுக்கொடுத்தவர் யார்? முன்பு பெண்ணாக நடித்த ஓர் ஆண். அவருக்குக் கற்றுக்கொடுத்தவரும் ஓர் ஆண். தலை எவ்வளவு சாய வேண்டும், முந்தானையை எந்த விரலால் பிடிக்க வேண்டும், அழும்போது தோள் எப்படிக் குலுங்க வேண்டும், நாணத்தில் கால் பெருவிரல் தரையில் என்ன கோலம் போட வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாக ஆண்கள் ஆண்களுக்குச் சொல்லிக்கொடுத்து ஒரு பெண்ணைச் செய்தார்கள். அந்தப் பெண்ணைத்தான் ஊர்ப் பெண்கள் தரையில் உட்கார்ந்து பார்த்தார்கள். பிறகு பேசும்படம் வந்தது. கம்பெனியில் வளர்ந்த நடிகர்களும் வாத்தியார்களும் அதற்குள் போனார்கள். நடிகைகள் கேமரா முன்னால் வந்து நின்றபோது அவர்களுக்குக் காட்டப்பட்ட நாணமும் அழுகையும் பெண்களிடமிருந்து வந்தவை என்று சொல்ல முடியாது. பையன்களுக்காகச் செய்த அச்சில் பெண்கள் வார்க்கப்பட்டார்கள். ‘பராசக்தி’ (1952) படத்துக்குச் சிவாஜியைத் தேர்ந்தெடுத்த பி.ஏ. பெருமாள், வேலூர் மேடையில் அவர் நூர்ஜஹானாக நடித்ததைப் பார்த்துத்தான் அந்த முடிவுக்கு வந்தார் என்பார்கள்.

யாருடைய ஒப்பாரி

தமிழ் படித்தவள் என்ற முறையில் என்னை உறுத்துவது இன்னொன்று. சுவாமிகளின் நாடகப் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: வள்ளி திருமணம், பவளக்கொடி, அல்லி அர்ஜுனா, சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள், சதி சுலோசனா, சதி அனுசூயா. பெண்கள் ஏறக்கூடாத மேடையில் தலைப்பெல்லாம் பெண்கள். அவர்களில் அரசாண்ட அல்லியின் பெயர் நம் பேச்சில் எப்படி எஞ்சியிருக்கிறது என்பதும் தெரிந்ததே. வீட்டில் பெண்ணின் சொல் எடுபட்டால் ‘அல்லி ராஜ்ஜியம்’ என்று கேலி.

இந்த நாடகங்களில் மக்களை உருக்கிய கட்டம் பெரும்பாலும் புலம்பல். பாம்பு தீண்டிய மகனை மடியில் கிடத்திச் சந்திரமதி அழுவது. பசியால் துடிக்கும் பிள்ளைகளோடு நல்லதங்காள் அழுவது. இந்தப் புலம்பலின் கட்டமைப்பு, விளிகள், அடுக்கிச் சொல்லும் முறை, இறந்தவரின் சிறப்பையும் தன் நிராதரவையும் மாற்றி மாற்றிச் சொல்லும் ஒழுங்கு எல்லாம் ஒப்பாரியிலிருந்து வந்தவை. ஒப்பாரி நம் பெண்கள் கட்டிய இலக்கியம். சாவு வீட்டில் தோளோடு தோள் சேர்த்து, மாரடித்து, அந்த நேரத்திலேயே சொல் கட்டிப் பாடியவர்கள் பெண்கள். தாலாட்டும் அப்படியே. வாய்மொழியாக இருந்தவரை அதற்கு ஆசிரியர் பெயர் இல்லை. ராகம் குறித்து, தாளம் போட்டு, நாடகப் பிரதியில் ஏறியபோது ஓர் ஆணின் பெயர் வந்துவிட்டது. பாடுவதற்கு ஒரு பையன் வந்துவிட்டான்.

ஆகவே ஒத்திகைக் கூடத்தில் பெண்ணே இல்லை என்று சொல்வதும் முழு உண்மை ஆகாது. அவளுடைய குரல் இருந்தது. அவளுடைய அழுகை இருந்தது. அவள்தான் இல்லை.

மகரக்கட்டு

பையன்களுக்கு இதில் என்ன கிடைத்தது? சோறு கிடைத்தது என்பதே முதல் விடை. எம்.ஜி.ஆரின் தாய் சத்தியபாமா கணவரை இழந்து, இலங்கையிலிருந்து வந்து, கும்பகோணத்தில் பிள்ளைகளை வளர்க்க வழியில்லாமல்தான் சக்கரபாணியையும் ராமச்சந்திரனையும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்கு அனுப்பினார். கம்பெனி வரலாற்றை அம்மாக்களின் பக்கத்திலிருந்து எழுதினால் அது கலையின் வரலாறாக இராது. கைம்பெண்களின் பசி வரலாறாக இருக்கும். பிள்ளையின் சம்பளம் வீட்டுக்கு வரும், ஒரு வயிற்றுக்கான அரிசி வீட்டில் மிச்சமாகும். அதற்கு ஈடாக, ஒப்பந்தக் காலம் முடியும்வரை பிள்ளையைப் பார்க்காமல் இருக்க வேண்டும். ஊர் ஊராகப் போகும் கம்பெனியில் அடுத்த முகாம் எங்கே என்பது அம்மாவுக்குத் தெரிய நியாயமில்லை.

1933இல் பிரிட்டிஷ் இந்திய அரசு குழந்தை உழைப்பை அடகுவைப்பதைத் தடுக்க ஒரு சட்டம் கொண்டுவந்தது. பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் உழைப்பைப் பணத்துக்கோ வேறு பயனுக்கோ ஈடாகப் பெற்றோர் எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்றது. நியாயமான கூலி, பிள்ளைக்குத் தீங்கின்மை, ஒரு வார முன்னறிவிப்பில் விலகும் உரிமை மூன்றும் இருந்தால் விலக்கு அளித்தது. கம்பெனி ஒப்பந்தங்களை இந்த மூன்று அளவுகோல்களிலும் நிறுத்திப் பார்க்கலாம். ஒரு வாரத்தில் விலகிப் போகும் உரிமையோடு எந்த ராஜபார்ட்டும் எந்த ஸ்திரீபார்ட்டும் வளர்ந்ததாக நான் படித்ததில்லை. ஓடிப்போனவர்களையும் பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்களையும் பற்றித்தான் படித்திருக்கிறேன்.

பிறகு ஒருநாள் குரல் உடையும். நாடகக்காரர்கள் இதற்கு வைத்திருந்த சொல் ‘மகரக்கட்டு’. பதின்மூன்று, பதினான்கு வயதில் வளர்ச்சியின் இயல்பாக வருவது, கம்பெனியில் ஒரு நோய் போல, விபத்து போலப் பேசப்பட்டது. பத்துப் பாட்டும் நூறு வசனமும் தெரிந்த பையன் ஒரே மாதத்தில் சில்லறை வேடத்துக்கு இறங்குவான். ஸ்திரீபார்ட் என்றால் அதோடு முடிந்தது. தொண்டையில் கரகரப்பு தெரிந்த நாள்முதல் அவன் மோரைத் தவிர்த்து, மிளகு மென்று, மறைத்து மறைத்துப் பாடியிருப்பான். தன் உடல் வளர்வதே தனக்கு எதிரானது என்று ஒரு குழந்தை அஞ்சும் இடம் அது. பெண்களுக்கு இந்த அச்சம் புதிதன்று. பூப்பெய்தியதும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட நம் பாட்டிமாருக்கு மகரக்கட்டு என்ற சொல் தெரியாவிட்டாலும் பொருள் தெரியும். பெண்ணை நீக்கிவிட்டு அவள் இடத்தில் வைக்கப்பட்ட பையன், அவளுக்கு விதிக்கப்பட்டதையும் சேர்த்தே வாங்கிக்கொண்டான்.

ஒத்திகை இல்லாத மேடை

அப்படியானால் பாடத் தெரிந்த பெண் குழந்தைகள் எங்கே போனார்கள்? கே.பி. சுந்தராம்பாள் 1908இல் கொடுமுடியில் பிறந்தவர். தந்தை இல்லாத வறுமையில், ரயிலில் பாடிய சிறுமி என்று அவர் வரலாறு சொல்கிறது. வேலு நாயர் கம்பெனியில் அவர் முதலில் ஏற்றது ‘நல்லதங்காள்’ நாடகத்தில் ஓர் ஆண்பிள்ளை வேடம் என்பார்கள். பின்னாளில் ‘பக்த நந்தனார்’ (1935) படத்தில் நந்தனாராகவே நடித்து ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார். அந்தக் காலத்தில் ஆண் நடிகர்களும் கேட்கத் துணியாத தொகை. பையன் சீதையானால் அது பயிற்சி; பெண் நந்தனாரானால் அது பேசுபொருள். 1933இல் எஸ்.ஜி. கிட்டப்பா இறந்தபின் இருபத்தைந்து வயதில் அவர் வெள்ளைச் சேலைக்கு மாறினார். எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்ற முடிவோடு வாழ்ந்தார். அந்த முடிவைப் பக்தியாக மட்டுமே நம் எழுத்தாளர்கள் படித்தார்கள். தன் உடலை இனி எந்த வாத்தியாரும் எந்த முதலாளியும் யாரோடும் நிறுத்த முடியாது என்று ஒரு தொழிலாளி விதித்த நிபந்தனையாகவும் அதைப் படிக்கலாம்.

கம்பெனிகளுக்கு வெளியே ‘ஸ்பெஷல் நாடகம்’ வளர்ந்தது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து, பபூன் மற்றோர் ஊரிலிருந்து. முன்பின் பார்த்திராதவர்கள் இரவில் மேடையில் சந்தித்து ‘வள்ளி திருமண’த்தை விடியும்வரை நடத்துவார்கள். ஒத்திகை கிடையாது. எல்லோருக்கும் சுவாமிகளின் பாட்டு தெரியும், அது போதும். இங்கேதான் பெண்கள் நடித்தார்கள், இன்றும் நடிக்கிறார்கள். இந்த நடிகைகளோடு பழகி ஆய்வுசெய்த சூசன் சீசர் 2005இல் வெளியிட்ட நூலில், அவர்கள் இரவில் ஊருக்குள் வந்து போவதில்கூட எவ்வளவு கவனமாகத் தம்மைக் காத்துக்கொள்கிறார்கள் என்று காட்டியிருக்கிறார். மேடையில் தர்க்கம் செய்து ஆயிரம் பேரைச் சிரிக்கவைக்கும் வள்ளி, நாடகத்துக்குப் போகும் வழியில் எவர் கண்ணிலும் படாமல் போக வேண்டியிருக்கிறது.

ஒத்திகை எங்கே இருந்ததோ அங்கே பெண் இல்லை. பெண் எங்கே இருந்தாளோ அங்கே ஒத்திகை இல்லை. ஒத்திகை என்பது வெறும் முன்னோட்டம் அன்று. தப்புச் செய்யவும் திருத்திக்கொள்ளவும் கிடைக்கும் இடம் அது. யாரும் பார்க்காதபோது நூறுமுறை தடுக்கி விழலாம். அந்த வசதி பையன்களுக்கு, அடியோடு சேர்த்தே என்றாலும், கிடைத்தது. நடிகைக்குக் கிடைத்தது நேராக மேடை. தடுக்கினால் ஆயிரம் பேர் முன்னால். அவள் தேர்ச்சியைப் ‘பிறவித் திறமை’ என்றோ ‘குலத்தொழில்’ என்றோ சொல்லி முடித்துவிட்டோம். உழைப்பு என்று எழுதவில்லை.

பாரதம் நடக்கும் ஊர்கள்

விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி வட்டாரத்தில் பங்குனி தொடங்கி வைகாசிவரை ஊருக்கு ஊர் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் படுகளமும் தீமிதியும். எங்கள் ஊர்களின் தெய்வம், மன்னர்கள் நிறைந்த சபையில் நின்று கேள்வி கேட்ட ஒரு பெண். அவள் வேடத்தைக் கட்டுபவர் ஆண். துகிலுரியும் கட்டத்தில் அந்த ஆணுக்குத்தான் பெண்கள் கற்பூரம் காட்டிக் கும்பிடுகிறார்கள். கூத்தாடிகளை நான் குறைசொல்லவில்லை. ஏழை விவசாயக் கூலிகளாக இருந்துகொண்டு, கட்டையும் கிரீடமும் சுமந்து இந்தக் கலையைக் காத்தவர்கள் அவர்கள். ஆனால் சபையில் பேசிய பெண்ணைக் கும்பிடுகிற ஊர், தன் பெண் பிள்ளைக்குச் சலங்கை கட்டிவிட இத்தனை காலம் தயங்கியதை எப்படிப் புரிந்துகொள்வது?

சித்திரையில் கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவுக்கு நாடெங்கிலுமிருந்து திருநங்கைகள் விழுப்புரத்தில் வந்து தங்குவார்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் பாலர் கம்பெனியின் ஸ்திரீபார்ட் பையன்களை நினைப்பேன். இரவு முழுவதும் சேலையில் நின்றவனைக் காலையில் ஆண்பிள்ளையாக நடக்கச் சொன்னார்கள். அவர்களில் யாருக்கேனும் சேலையில் இருந்த இரவுதான் உண்மையாகவும் காலைதான் வேடமாகவும் இருந்திருக்கும். நன்றியோடு எழுதப்பட்ட தன்வரலாறுகளில் அதற்குப் பக்கம் ஒதுக்கப்படவில்லை.

மூன்று ஔவைகள்

1942இல் டி.கே. சண்முகம் ஔவையாராக மேடையேறினார். முப்பது வயது ஆண், பல் போன கிழவியாக. அன்றிலிருந்து அவர் பெயரே ‘ஔவை’ சண்முகம். 1953இல் ஜெமினி தயாரித்த படத்தில் கே.பி. சுந்தராம்பாள் ஔவையார். இருவருமே மூதாட்டிகள். இளமையைக் கேட்டு வாங்காமல் விலக்கிவிட்டு, ஆண்களின் உலகில் தொல்லையின்றி நடமாட முதுமையை வரமாகப் பெற்றவள் என்ற கதைதான் இரண்டுக்கும் அடிப்படை. சங்கப் பாடல்களில் கள்ளும் நட்பும் தூதுமாக வாழ்ந்த ஔவையை அந்தக் கிழவியின் கோலுக்குப் பின்னால் மறைத்துவிட்டோம். இன்குலாப் எழுதி அ. மங்கை இயக்கிய ‘ஔவை’ நாடகம்தான் அந்த இளம் பாணர் மகளை மேடைக்கு மீட்டுவந்தது. அங்கே பெண்கள் ஒத்திகை பார்த்தார்கள். பெண் ஒருவர் இயக்கினார். பெண் எப்படி நடக்க வேண்டும் என்பது அந்தக் கூடத்தில் முன்கூட்டியே முடிவான விஷயமாக இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: சண்முகத்தின் நாடகக் குழுவில் சிறுவனாகப் பயின்ற கமல்ஹாசன்தான் 1996இல் ‘அவ்வை சண்முகி’யாகச் சேலை கட்டி வந்தார். ஸ்திரீபார்ட் மரபு அவ்வளவு நீளமானது, அவ்வளவு கொண்டாடப்பட்டது.

ஐந்து மணிக்குப் பிறகு

1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் சுவாமிகள் காலமானார். பக்கவாதத்தில் பேச்சிழந்த பிறகும் பையன்களோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி இருக்கிறது; விழுப்புரத்திலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள். புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே இன்று பெண்களும் நாடகம் படிக்கிறார்கள். அதே புதுச்சேரியில் வேலு சரவணனின் ‘ஆழி’ குழு குழந்தைகளுக்காக நாடகம் போடுகிறது. குழந்தைகள் பயப்படாமல் மேடையைப் பார்த்துக் கத்துகிறார்கள், சிரிக்கிறார்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016இல் செய்த திருத்தமும் 2017இன் விதிகளும், பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக் கலைஞர் நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது, ஓய்வின்றி மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, ஊதியத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் வங்கியில் போடப்பட வேண்டும் என்கின்றன. பாலர் கம்பெனியில் இரவெல்லாம் நின்ற சீதைகளுக்கு இவற்றில் ஒன்றுகூட இல்லை. தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளில் நிற்கும் பிள்ளைகளுக்கு இவை எவ்வளவு கிடைக்கின்றன என்று கேட்கும் கடமை நமக்கு இருக்கிறது.

ஆனால் பெண் பிள்ளைகளின் ஒத்திகை பற்றிச் சட்டம் எதுவும் சொல்லாது. நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் ஆண்டு விழாவுக்கு நாடகம் போடுவதென்று முடிவானது. நடிக்கப் பெயர் கொடுத்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். துரியோதனன் வேடம் தனக்கு வேண்டும் என்று ஒருத்தி அடம்பிடித்தாள். வாங்கியும்விட்டாள். வகுப்பு முடிந்தபிறகு, ஐந்து மணியிலிருந்து ஒத்திகை என்று அறிவித்தார்கள். மூன்றாம் நாள் அவள் வரவில்லை. கேட்டதற்கு, “எங்க ஊருக்குக் கடைசி பஸ் அஞ்சே முக்கால், மேடம். அத விட்டா ரோட்டுலேர்ந்து மூணு கிலோமீட்டர் நடக்கணும். அப்பா வேணாம்னுட்டாரு” என்றாள். நாடகத்தில் துரியோதனனாக ஒரு மாணவன் நடித்தான். திரௌபதியாகவும் இன்னொரு மாணவன் நடித்தான். கைதட்டல் கூரையைப் பிளந்தது. பெண்கள் ஏன் இல்லை என்று கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில், “அவங்கதான் வரலையே.”

யாரும் அவளைத் தடுக்கவில்லை. சபையின் விதி எதுவும் குறுக்கே நிற்கவில்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் அவளுக்கு டிக்கெட்டும் இல்லை. இருந்தும் நூறாண்டுக்கு முந்தைய ஏற்பாடு ஐந்து மணி என்ற ஒரே ஓர் எண்ணால் திரும்பவும் நடந்தேறியது.

அடுத்த ஆண்டு சில ஆசிரியைகள் சேர்ந்து மதிய உணவு இடைவேளையை முக்கால் மணி நேரம் நீட்டித்து ஒத்திகைக்குத் தரும்படி எழுதிக்கொடுத்தோம். பாடவேளை கெடும் என்றார்கள். ஒரு பாடவேளையை நாங்களே விட்டுக்கொடுக்கிறோம் என்றோம். ஒரு மாதத்துக்கு அனுமதி வந்தது. பதினேழு பெண்கள் வந்தார்கள். முதல் நாள் யாருக்கும் குரல் வெளியே வரவில்லை; கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் எல்லோரும் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பத்தாம் நாள் ஒருத்தி வசனத்தை மறந்து, மறந்ததற்குச் சிரித்து, திரும்ப முதலிலிருந்து தொடங்கினாள். மேடைக்கு இன்னும் இருபது நாள் இருந்தது.